இரட்டை விண்மீன்களின் தாரைகள்: கணினிக்குள் கொண்டுவருவது எப்படி, எங்கே தவறுகிறது

மார்ச் நடுவில் இரவு 9 மணிவாக்கில் முட்டம் கடற்கரையில் தெற்கே பார்த்து நின்றால், கடல்விளிம்புக்கு மேலே சுமார் 31 பாகை உயரத்தில் ஹெர்பிக்-ஹாரோ 46/47 என்ற ஒளிரும் வாயுத் தொகுதி இருக்கும். வேலா என்ற விண்மீன் குழுவைச் சேர்ந்தது. வேலா என்றால் கப்பற்பாய். 1,470 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால் வெறுங்கண்ணுக்குச் சிக்காது. 2023 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படம் வெளியானது. நடுவில் தூசி போர்த்தி உட்கார்ந்திருப்பவை நெருக்கமாகப் பிணைந்த இரண்டு பிறக்கும் விண்மீன்கள். ஆனால் படத்தில் மேலோங்கித் தெரிவது ஒரே அச்சில் இருபுறமும் கிளம்பும் ஒற்றை வெளிப்பாய்வு.

இதற்கு நேர்மாறான சாட்சி டாரஸ் என்ற ரிஷப விண்மீன் குழுவில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நாகர்கோவில்காரர்களுக்கு உச்சந்தலைக்குச் சற்று வடக்கே கடந்துபோகும் எல்1551 ஐஆர்எஸ்5, சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவு. மூலக்கூறு வாயு இரு திசையிலும் பாய்வதை 1980இல் முதன்முதலில் தெளிவாகக் காட்டிய பொருள் இதுவே. அதன் நடுவில் 45 வானியல் அலகு (ஓர் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவு) இடைவெளியில் இரண்டு விண்மீன்கள் இருப்பதையும், ஒவ்வொன்றையும் சுமார் 10 வானியல் அலகு ஆரமுள்ள சின்ன வாயு வட்டு சூழ்ந்திருப்பதையும் 1998இல் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கி பிரித்துக் காட்டியது. இங்கே தாரைகளும், அதாவது ஒல்லியாகப் பீறிடும் வாயு ஓட்டங்களும், இரண்டு.

ஓரிடத்தில் ஒன்றாகத் தெரிவது, இன்னோரிடத்தில் இரண்டாக ஏன் தெரிகிறது? கணினியில் தாரைகளை ஓட்டிப் பார்ப்பவர்கள் துரத்தும் கேள்விகளில் இது முக்கியமானது. இதற்குள் இறங்கும் மாணவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த மென்பொருள் என்பதை அல்ல. விண்மீன்களின் இடைவெளி, வட்டின் ஆரம், தாரையின் நீளம் ஆகிய மூன்றில் எதைக் கணினி வெளியைப் பிரித்துக்கொள்ளும் கட்டங்களுக்குள் கொண்டுவரப் போகிறோம், எதை வெளியே விடப் போகிறோம் என்பதைத்தான். மூன்றையும் சேர்த்துப் பிடிக்க முயன்றால் மூன்றும் கெடும்.

தாரை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விண்மீனில் விழவேண்டிய வாயு, தன் சுழற்சியைத் தொலைக்காமல் உள்ளே விழ முடியாது. வட்டில் வேரூன்றிய காந்தப்புலக் கோடுகள் அந்தச் சுழற்சியைக் கடத்திக்கொண்டு போகின்றன. கோடு செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால், கம்பியில் கோத்த மணி வெளியே எறியப்படுவதுபோல வாயு எறியப்படும். பிளாண்ட்ஃபோர்டும் பெயினும் 1982இல் தந்த கணக்கு இது. மேலே போகப்போகப் புலம் முறுக்கிக்கொள்ளும். கதம்பை நாரைத் திரிக்கும்போது முறுக்கு ஏற ஏற நார் நடுவை நோக்கி இறுகுமே, அப்படி முறுக்கிய புலம் வாயுவை அச்சை நோக்கி இறுக்கி ஒல்லியாக்கும். தாரையின் வேகம், அது புறப்படும் இடத்தின் சுற்றுவேகத்தைப் பொறுத்தது. சூரிய நிறையுள்ள விண்மீனிலிருந்து 1 வானியல் அலகில் சுற்றுவேகம் நொடிக்கு 30 கிலோமீட்டர், 0.1 வானியல் அலகில் 94. காந்த நெம்புகோல் இதை இரண்டு மூன்று மடங்காக்கும். அளக்கப்படும் தாரைகள் நொடிக்கு 100 முதல் 400 கிலோமீட்டர் வேகத்தில் போவதால், அவற்றின் வேர் வட்டின் உள்பகுதியில் இருக்கிறது என்று தெரிகிறது.

துணை விண்மீன் வந்ததும் இந்த ஏற்பாடு பல வழிகளில் குலைகிறது. ஒன்று, வட்டு வெட்டுப்படுகிறது. நிறைகள் ஒத்து, சுற்றுப்பாதை வட்டமாக இருந்தால், ஒவ்வொரு விண்மீனின் வட்டும் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு அளவோடு நின்றுவிடும். இருவரையும் சேர்த்துச் சூழும் பெருவட்டு இடைவெளியைப் போல இரண்டு மடங்குத் தொலைவில்தான் தொடங்கும். நடுவில் பள்ளம், பள்ளத்தைத் தாண்டி வாயு மெல்லிய ஓடைகளாக விழும். இன்னொன்று, தீனி விட்டுவிட்டு வருகிறது. டிகியூ டாரி என்ற இரட்டையில் 15.8 நாளுக்கு ஒருமுறை இரண்டும் நெருங்கும்போது வாயு விழுவது கூடுகிறது. மேலும், துணையின் சுற்றுத்தளமும் வட்டின் தளமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எச்கே டாரி என்ற இரட்டையில் இரண்டு வட்டுகளும் ஒன்றுக்கொன்று 60 பாகைக்கு மேல் சாய்ந்திருப்பதை 2014இல் ஆல்மா ரேடியோ தொலைநோக்கி காட்டியது. சாய்ந்த வட்டு பம்பரம்போல் தலையாட்டும், தாரையும் சேர்ந்து ஆடும்.

எல்லாவற்றையும்விடக் கணக்கிடுபவரைப் பாதிப்பது வேறு: அச்சுச் சமச்சீர் போய்விடுகிறது. ஒற்றை விண்மீனின் தாரையை ஆரம், உயரம் என்ற இரண்டு பரிமாணத்தில் மடிக்கணினியிலேயே ஓட்டிவிடலாம். இரட்டைக்கு முப்பரிமாணம் தவிர வழியில்லை. இரு பரிமாணத்தில் "துணை விண்மீன்" வைத்தால் அது விண்மீன் அல்ல, அச்சைச் சுற்றிய ஒரு வளையம். அப்படி எடுத்த முடிவு எதற்கும் உதவாது.

இப்போது அளவுகளைப் பார்க்கலாம். நிறை ஒத்த இரண்டும் சேர்ந்து ஒரு சூரிய நிறை, இடைவெளி 45 வானியல் அலகு என்று எடுத்துக்கொண்டால் சுற்றுக்காலம் 302 ஆண்டு. அரைச் சூரிய நிறையுள்ள ஒவ்வொன்றின் வட்டிலும் உள்விளிம்பில், 0.1 வானியல் அலகில், ஒரு சுற்றுக்கு 16.3 நாள். அதாவது விண்மீன்கள் ஒருமுறை சுற்றிவருவதற்குள் உள்வட்டு சுமார் 6,750 முறை சுற்றிவிடும். நொடிக்கு 150 கிலோமீட்டர் போகும் தாரை ஓராண்டில் 31.6 வானியல் அலகு கடக்கும். ஒரு சுற்றுக்காலத்தில் 9,550. இந்த 9,550தான் சுற்றியக்கத்தால் தாரையில் விழும் நெளிவின் அலைநீளம். தலையாட்டத்தின் காலம் பொதுவாகச் சுற்றுக்காலத்தைப் போல 20 மடங்கு. அப்படியானால் அதன் நெளிவு 1,90,000 வானியல் அலகு, கிட்டத்தட்ட ஒரு பார்செக் (3.26 ஒளியாண்டு). 0.05 முதல் 10,000 வானியல் அலகு வரை ஒரே சீரான கட்டங்களால் நிரப்ப, ஒரு பக்கத்துக்கு 2 லட்சம் கட்டம் வேண்டும். மும்மடிப் பெருக்கினால் 8-க்குப் பின் 15 சுழியம். தேவையான இடத்தில் மட்டும் நுணுகும் வலையைப் போட்டால், படிக்குப் படி பாதியாக்கி 18 படியில் இந்த விகிதத்தை எட்டலாம். ஆனால் மிக நுண்ணிய படியின் காலப்படி, அதாவது கணக்கு ஒரு தாவலில் முன்னேறும் கால அளவு, 16.3 நாள் சுற்றுக்குக் கட்டுப்பட்டது. இடம் மிச்சமானாலும் காலம் மிச்சமாகாது.

எனவே இத்துறை மூன்று வழிகளாகப் பிரிந்திருக்கிறது. முதல் வழி, குளிர்ந்த முகில் சரிவதிலிருந்து தொடங்கி, விண்மீனைக் 'குழித்துகள்' என்ற விழுங்கும் புள்ளியாக வைத்து, வட்டும் வெளிப்பாய்வும் தானாக உருவாவதைப் பார்ப்பது. இரண்டாவது, வட்டைத் தயாராக வைத்து அதிலிருந்து தாரை கிளம்புவதை மட்டும் பார்ப்பது. ஷேக்நெசாமியும் ஃபெண்டும் 2015இல் புளூட்டோ மென்பொருளில், துணையின் இழுப்பால் வட்டு கோணித் தாரை ஆடுவதை இப்படித்தான் காட்டினார்கள். மூன்றாவது, கிளம்புவதை விட்டுவிட்டு, கீழ் எல்லையில் இரண்டு குழாய்வாய் வைத்துத் தாரையைச் செலுத்தி, அதன் பயணத்தையும் மோதலையும் பார்ப்பது. ஒரு மாணவர் தன் மேசையில் முழுமையாக முடிக்கக்கூடியது மூன்றாவது மட்டுமே. அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. வானத்தில் கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான்.

முதல் வழியின் ஒரு முடிவைத் தெரிந்துகொள்வது அவசியம். குருவிட்ட, ஃபெடராத், அயர்லாந்து மூவரும் 2017இல் ஃபிளாஷ் மென்பொருளில் ஒரே முகிலை மூன்று விதமாகச் சரியவிட்டார்கள்: ஒற்றை விண்மீன், 2.5 வானியல் அலகு நெருங்கிய இரட்டை, 45 வானியல் அலகு விலகிய இரட்டை. ஒற்றையும் நெருங்கிய இரட்டையும் ஒரே சோடித் தாரை கொடுத்தன; விலகிய இரட்டை இரண்டு சோடி. ஒற்றை விண்மீன் வெளியேற்றிய நிறையை 100 என்று வைத்தால் நெருங்கிய இரட்டை 71, விலகிய இரட்டை 50. உந்தத்தில் 66, 33. கோண உந்தத்தில் 87, 42. நெருங்கிய இரட்டையில் இருவரையும் சூழ்ந்த பெருவட்டே தாரையின் அடித்தளமாகிவிடுகிறது. கோடுகள் ஒழுங்காக நின்று எறிகின்றன. விலகிய இரட்டையில் வட்டுகள் சிறுத்துப்போக, வெளிப்பாய்வைத் தள்ளுவது எறிவிசையாக இல்லாமல் காந்த அழுத்தமாக மாறிவிடுகிறது. ஆகவே இரண்டு விண்மீன் என்பதால் இரு மடங்கு வெளிப்பாய்வு என்று கணக்குப்போடக் கூடாது.

குழித்துகளைப் பயன்படுத்துவோர், வட்டின் உள்பகுதி கட்டங்களில் பிடிபடாததால், வேகத் தாரையைக் கையால் செலுத்துவார்கள். 2014இல் ஃபெடராத் குழு வகுத்த முறையில், விழுங்கிய நிறையில் 30 விழுக்காடு, 30 பாகைக் கூம்புக்குள், குறைந்தது 16 கட்ட ஆரமுள்ள கோளத்திலிருந்து வெளியேற்றப்படுகிறது. இரட்டைக்கு இதைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு துகள்களும் 32 கட்டத்துக்குள் நெருங்கினால் கோளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒரே கட்டத்தில் இரண்டு தாரைகளும் எழுதப்படும். அதற்குப்பின் "தாரைகள் இணைந்தன" என்று சொல்வதில் பொருளில்லை, நாமே இணைத்திருக்கிறோம்.

மூன்றாவது வழியின் செய்முறை இனி. புளூட்டோவை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அலகுகளை முதலில் முடிவுசெய்ய வேண்டும். நீளம் 1 வானியல் அலகு, வேகம் நொடிக்கு 1 கிலோமீட்டர், அடர்த்தி கன செ.மீ.க்கு 10 லட்சம் ஹைட்ரஜன் அணு. இதிலிருந்து கால அலகு 4.74 ஆண்டு, காந்தப்புல அலகு 0.46 மில்லிகாஸ் என்று தானாக வரும். இந்தக் காந்த அலகில்தான் பலர் சறுக்குவது: மென்பொருள் 4 பை-யின் வர்க்கமூலத்தைப் புலத்துக்குள்ளேயே விழுங்கி வைத்திருக்கும். அதை இன்னொருமுறை வகுத்தால் புலம் 3.5 மடங்கு தவறும், காந்த அழுத்தம் 12 மடங்குக்கு மேல் தவறும். படம் மட்டும் அழகாகவே வரும்.

பெட்டி 400 × 400 × 800 வானியல் அலகு, கட்டங்கள் 256 × 256 × 512. கட்டத்தின் அளவு 1.56 வானியல் அலகு. குழாய்வாயின் ஆரம் 15 வானியல் அலகு வைத்தால் சுமார் 10 கட்டம் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் வட்டமான வாய் சதுரமாகிவிடும், தாரையில் நான்கு மூலை முளைக்கும். வேகத்தை விளிம்பில் திடீரென்று வெட்டாமல் இரண்டு மூன்று கட்டத்துக்குள் வழுவழுப்பாகச் சரிய விட வேண்டும். பிறகு நிறைப்பாய்வைக் கையால் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்: மேற்சொன்ன ஆரமும் அடர்த்தியும் 150 கிலோமீட்டர் வேகமும் சேர்ந்தால் ஒரு தாரைக்கு ஆண்டுக்கு சூரிய நிறையில் 10 கோடியில் 6 பங்கு. இளம் விண்மீனுக்கு ஏற்ற எண். அடர்த்தியை 10,000 என்று வைத்தால் பாய்வு நூறில் ஒன்றாகி, தாரை சுற்றுப்புற வாயுவில் நுழையவே திணறும்.

குழாய்வாய்களைச் சுற்றவைக்கும்போது நடக்கும் பிழை ஒன்று மிகப் பரவலானது. வாயின் இடத்தைச் சுற்றுப்பாதையில் நகர்த்திவிட்டு, அதிலிருந்து வெளியேறும் வாயுவுக்குச் சுற்றுவேகத்தைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். சேர்த்தால் நெளிவு உயரே போகப்போக விரியும் கூம்பு. மறந்தால் மாறாத ஆரமுள்ள சுருள். நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு விண்மீனின் சுற்றுவேகமும் நொடிக்கு 2.2 கிலோமீட்டர், எனவே கூம்பின் அரைக்கோணம் 0.85 பாகை. 2 வானியல் அலகு இடைவெளியானால் 10.5 கிலோமீட்டர், 4 பாகை. ஓட்டி முடித்ததும் இந்தக் கோணம் வருகிறதா என்று அளப்பதே முதல் சோதனை.

அதன்பின் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். 800 வானியல் அலகு உயரப் பெட்டியை, 9,550 அலைநீளமுள்ள நெளிவில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நிரப்பும். எத்தனை நாள் ஓட்டினாலும் இரண்டு நேர்க்கோடுகள்தான் தெரியும். நெளிவைப் பார்க்க வேண்டுமா, பெட்டியை நீட்ட வேண்டும், அல்லது இடைவெளியைக் குறைக்க வேண்டும். 2 வானியல் அலகில் நெளிவு 89 வானியல் அலகாகச் சுருங்கிப் பெட்டிக்குள் அடங்கும்; ஆனால் அப்போது 15 வானியல் அலகு ஆர வாய்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். இடைவெளியும் ஆரமும் நீளமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். டிகியூ டாரியின் 15.8 நாள் துடிப்பையும் இந்த வலையில் பிடிக்க முடியாது. அந்தக் கால அளவில் தாரை 1.4 வானியல் அலகுதான் நகரும், ஒரு கட்டத்தைவிடக் குறைவு. படங்களில் காணும் நூற்றுக்கணக்கான வானியல் அலகு இடைவெளி முடிச்சுகளுக்குப் பத்தாண்டு அளவிலான வேகமாற்றம் தேவை.

மேசைக்கணினி தாங்குமா? கட்டங்கள் 3.36 கோடி. அடர்த்தி, அழுத்தம், மூன்று திசைவேகம், மூன்று காந்தப்புலம், தாரைக்கு ஒன்றாக இரண்டு சாயக்குறிகள் என்று கட்டத்துக்குப் பத்து எண்கள், 80 பைட். ஒரு பிரதி 2.7 ஜிபி, இடைநிலைப் பிரதிகளோடு 8 முதல் 11 ஜிபி. 16 ஜிபி நினைவகம் போதும். காலப்படிக் குணகம் 0.3 என்றால் படிக்கு 0.015 ஆண்டு. தாரை பெட்டியைக் கடக்கும் 25 ஆண்டுக்கு 1,700 படி. செயலியின் 8 மையங்களும் ஆளுக்கு நொடிக்கு 2.5 லட்சம் கட்டம் முடித்தால், 8 மணி நேரம். முழுச் சுற்றுக்கு 20,000 படி, நான்கு நாள். கட்டத்தைப் பாதியாக்கினால் 16 மடங்கு வேலை. அந்த நிலையில் மேசைக்கணினியை விட்டுவிட வேண்டும். திருச்சி என்ஐடியில் 2022இல் நிறுவப்பட்ட 838 டெராஃப்ளாப் மீக்கணினியான 'பரம் பொருள்' போன்ற இயந்திரத்தில் நேரம் கேட்பதே வழி.

முட்டமும் நாகர்கோவிலும் இருக்கும் கன்னியாகுமரி, இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம். ஐப்பசி இடியில் மின்சாரம் போகும், நான்கு நாள் ஓட்டம் மூன்றாம் நாளில் நிற்கும். மீள்தொடக்கக் கோப்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு பெயர்களில் மாற்றிமாற்றி எழுதச் சொல்ல வேண்டும். ஒரே பெயர் என்றால், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய் இருந்த ஒன்றும் கெடும். மீள்தொடக்கம் இரட்டைத் துல்லியத்தில் இருக்க வேண்டும். படம் வரைவதற்கானவை ஒற்றைத் துல்லியத்தில் போதும், கணினியின் வன்தட்டில் பாதி இடம் மிச்சம்.

ஓட்டம் நடுவில் செத்துப்போவதற்கான காரணங்களில் அழுத்தம் எதிர்மறையாவது முதலிடம். மாக் 15இல், அதாவது ஒலிவேகத்தைப் போல 15 மடங்கில், போகும் தாரையில் வெப்ப ஆற்றல் இயக்க ஆற்றலில் 0.8 விழுக்காடுதான். மொத்தத்திலிருந்து இயக்கத்தையும் காந்தத்தையும் கழித்துத்தான் அழுத்தம் கிடைக்கிறது. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்கும்போது மிச்சம் சுழியத்துக்குக் கீழே போய்விடும். அதிர்ச்சியலை இல்லாத இடங்களில் என்ட்ரோபியைக் கொண்டு அழுத்தம் கணிக்கும் வசதியை இயக்கினால் பெரும்பாலும் சரியாகும். அடுத்தது காலப்படி சுருங்குவது. தாரையின் பக்கவாட்டில் வாயு வற்றி, 1 மில்லிகாஸ் புலத்தில் கன செ.மீ.க்கு 100 அணு இருந்தால் ஆல்ஃப்வென் வேகம், அதாவது புலக்கோடு வழியே அலை ஓடும் வேகம், நொடிக்கு 218 கிலோமீட்டர். 1 அணுவானால் 2,180. ஒரே ஒரு வெற்றுக்கட்டம் மொத்த ஓட்டத்தையும் பத்து மடங்கு இழுத்தடிக்கும். அடர்த்திக்குக் கீழ்வரம்பு வைக்கலாம், ஆனால் வரம்பு சேர்த்த நிறையைத் தனியே கூட்டி வைக்க வேண்டும். அது தாரையின் நிறையில் ஒரு விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஓட்டத்தை நம்பக் கூடாது. காந்தப்புலத்தின் விரிதல் சுழியமாகவே நிற்கிறதா, அதாவது புலக்கோடு எங்கும் தொடங்காமலும் முடியாமலும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நகரும் குழாய்வாயின் எல்லையில்தான் அது முதலில் உடையும். பெட்டி ஒடுக்கமாக இருந்தால் பக்க எல்லையே தாரையை இறுக்கிவிடும் என்பது 1990களிலிருந்தே தெரிந்த தொல்லை. அகலத்தை ஒன்றரை மடங்காக்கி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதே மருந்து.

குளிர்தலைச் சேர்க்காமல் ஓட்டுவதும் உண்டு. அப்போது தாரையைச் சுற்றிக் கொழுத்த, சூடான உறை எழும். உண்மையில் அதிர்ச்சியலை பட்ட வாயு கதிர்வீசிக் குளிர்ந்து மெல்லிய ஓடாகிறது. அந்த ஓட்டின் தடிமன் அடர்த்தி கூடக்கூடக் குறையும், கட்டத்தைவிடச் சிறுத்துவிட்டால் ஒளிர்வுக் கணக்கு முழுவதும் பொய்யாகும். தாரையின் பாதைக்கு மட்டும் என்றால் பெரிய கேடில்லை.

இனி இணைவு. இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒரே முகிலிலிருந்து பிறந்து, ஒரே பக்கம் சுழலும் இரண்டு வட்டுகள் ஒரே திசைப் புலத்தை முறுக்கினால், இரண்டு தாரையிலும் மின்னோட்டம் ஒரே திசையில் ஓடும். இணையான மின்னோட்டங்கள் ஈர்க்கும். ஒவ்வொரு தாரையின் வெளியுறையிலும் திரும்பும் மின்னோட்டம் இருப்பதால் தூரத்தில் ஈர்ப்பு அடங்கும், உறைகள் தொட்டதும் வேலையைக் காட்டும். தொடும் இடத்தில் இரண்டின் முறுக்குப் புலங்களும் எதிரெதிர்த் திசை. அவை அறுந்து மறுபடி இணைந்து, இரண்டையும் சேர்த்துச் சுற்றும் பொதுக் கோடுகளாகின்றன. இரண்டு புரி சேர்ந்து ஒரு கயிறாவதுபோலத் தோன்றும், ஆனால் கயிற்றில் புரிகள் தனித்தனியே இருக்கும். இங்கே கோடுகளே அறுந்து ஒட்டுகின்றன.

அந்த அறுதலை நடத்துவது எது? மின்தடையைச் சமன்பாட்டில் எழுதாவிட்டால், கட்டத்தின் பருமனே தடையாக வேலை செய்கிறது. பருமனான வலையில் சீக்கிரம் இணையும், நுணுக்கமான வலையில் தாமதமாக இணையும். ஒரே ஒரு வலையில் ஓட்டி "இத்தனை வானியல் அலகு உயரத்தில் இணைகின்றன" என்று எழுதினால், அது விண்மீனைப் பற்றிய செய்தி அல்ல, கட்டத்தைப் பற்றிய செய்தி. குறைந்தது மூன்று நுணுக்கத்தில் ஓட்டி, இணையும் உயரம் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலைக்காவிட்டால் மின்தடையை வெளிப்படையாகச் சேர்த்து, அது வலையின் தடையைவிடப் பெரிதாக இருக்கும்படி வைக்க வேண்டும். ஒரு தாரையின் புலத்திசையை மட்டும் திருப்பிப்போட்டு ஓட்டுவதும் நல்ல சோதனை: ஈர்ப்பு விலக்காக மாற வேண்டும். மாறாவிட்டால் தாரைகளைச் சேர்த்தது காந்தமல்ல, சுற்றுப்புற அழுத்தம். தொடக்கநிலையில் ஒரு விழுக்காடு ஒழுங்கின்மையைத் தூவவும் மறக்கக் கூடாது. கச்சிதமான சமச்சீரில் தாரை வளைந்து குலையும் நிலையின்மைகள் விழிக்கவே மாட்டா.

இரண்டு சாயக்குறிகள் எதற்கு என்பது இப்போது புரியும். படத்தில் ஒன்றாகத் தெரியும் ஓட்டத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் எந்தத் தாரையின் வாயு எவ்வளவு என்று அவையே சொல்லும். ஒட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது வேறு, கலந்துவிடுவது வேறு.

கடைசியாக வானத்தோடு ஒப்பிடுதல். டாரஸ் தொலைவில் 45 வானியல் அலகு என்பது 0.32 வில்விநாடி (ஒரு வில்விநாடி, பாகையில் 3,600இல் ஒரு பங்கு). ஒரு வில்விநாடி மங்கலுள்ள தரைத் தொலைநோக்கிக்கு இரண்டு தாரையும் ஒன்றே. ஆகவே கணினிப் படத்தைத் தொலைநோக்கியின் மங்கலுக்கு மழுக்கிய பிறகே பக்கத்தில் வைக்க வேண்டும். நெளிவின் வடிவமும் பேசும். சுற்றியக்கத்தில் மேல்தாரையும் கீழ்த்தாரையும் ஒரே கணத்தில் ஒரே பக்கம் தள்ளப்படுவதால், நெளிவு கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்கும். தலையாட்டத்தில் மேலே வலப்புறம் சாய்ந்தால் கீழே இடப்புறம் சாயும். எச்எச் (ஹெர்பிக்-ஹாரோ) 211 தாரையில் 2010இல் அளக்கப்பட்ட நெளிவு கண்ணாடிப் பிம்ப வகை; நடுவில் இன்னும் பிரித்துப் பார்க்கப்படாத இரட்டை ஒன்று இருக்கும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. பெட்டியின் அடியில் எதிரொளிப்பு எல்லை வைத்து மேல்பாதியை மட்டும் ஓட்டுபவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். எதிரொளிப்பு எல்லை கண்ணாடிப் பிம்பத்தை மட்டுமே அனுமதிக்கும். தலையாட்டத்தை ஆராய வேண்டுமென்றால் இரண்டு பாதியையும், இரு மடங்குக் கட்டங்களோடு, முழுதாகத்தான் ஓட்ட வேண்டும்.